இன்னும் ஏறல்ல

“எவ்வளவு?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் என் புருஷன் பிரதீஸ்.

“பன்னிரண்டு தசம் ஒண்டு,” என்றேன், கையிலிருந்த வோல்ற் மீற்றரைப் பார்த்து.

இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. அவர் பூட்டிய சோலார் வயர்களைக் காட்டி, ‘சிக்கெடுக்காத வலை மாதிரிக் கிடக்கு’ என்று என் அண்ணனுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். சொன்னது உண்மைதான். ஆனால் மனிசனுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சீதன வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். அதனால் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவது ஆண்கள்.

பிரதீசின் உடுப்புப் பை வாசலில் இருந்தது. பின்னேர வாகரை பஸ்ஸில் ஏறிப் பனிச்சங்கேணியில் இறங்கினால், மாமி நண்டுக்கறி ஆக்கிப்போட்டு மகனை இலேசில் விடமாட்டார். பிறகு எப்போது வருவாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் தொட்ட வேலையை அரைகுறையில் விடுகிற ஆள் இல்லை இவர். புதுப் பற்றரியைப் பழசோடு இணைக்க வேண்டும். பழசு நிறைந்திருந்தது, புதுசில் குறைவு. அப்படியே இணைத்தால் இதிலிருந்து அதற்குக் கண்டபடி கரண்ட் பாய்ந்து வயர் பொசுங்கிவிடுமாம். புதுசு வெயிலில் சார்ஜ் ஏறி, இரண்டும் ஒரே அளவுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும்.

அளவு பார்த்துச் சொல்வது என் வேலை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆணி முறுக்கினார். முகத்தைத் திருப்பினால் மரியாதை குறைந்துவிடுமே!

“எவ்வளவு?”

“பன்னிரண்டு தசம் ரெண்டு. பழசு தசம் ஏழு. இன்னும் ஏறல்ல.”

சந்தியில் பஸ் ஹோன் அடித்தது. அவர் பையைப் பார்த்தார்.

“எவ்வளவு?”

“அதே அளவுதான். இன்னும் சுணங்கும் போல.”

மீற்றரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

அவர் எழும்பவில்லை. பஸ் போய்விட்டது. அப்பாடா! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளப் பெரும்பாடுபட்டேன்.

அப்போதுதான் அவர் கிறுகி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் மீசை துடித்தது.

“அந்த மீற்றருக்குள்ள கிடந்த சின்னப் பற்றரிய விடியவே கழட்டி வச்சிட்டன் கஜானி. எங்க, இப்ப எவ்வளவு எண்டு சொல்லு பாப்பம்?”

மீற்றரின் திரை முதலிலிருந்தே வெறுமையாகத்தான் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.