தொண்ணூற்றேழு சதவீதம்

கிழமை எனக்குச் சரியாக நினைவில்லை. செவ்வாய் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன், புதனாகவும் இருக்கலாம். மகளுடைய கைபேசி அம்மாவின் கைப்பைக்குள் அணைந்து கிடந்து அன்றோடு மூன்று நாள் என்பது மட்டும் நிச்சயம்.

துறைத் தலைவரின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததிலிருந்து அம்மா மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இறுதியாண்டுக் கட்டுரையில் தொண்ணூற்றாறு சதவீதம் மெஷின் எழுதியது, தகுந்த விளக்கம் இல்லையென்றால் பெயர் நீக்கப்படும் என்று அதில் இருந்தது.

நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிப் பார்த்துத்தான் தட்டச்சு செய்தேன் என்று மகள் நூறு தரம் சொல்லிவிட்டாள். அந்தத் தாள்கள் எங்கே என்றால், கிழித்துப் போட்டுவிட்டேன் என்றாள். அதற்கு மேல் அம்மா எதையும் நம்பத் தயாராக இல்லை.

"நானேதாம்மா எழுதினேன்" என்றாள் மகள், எதிர்ச்சுவரைப் பார்த்து.

"வாயை மூடு. வேற எதுல ஏமாத்தியிருந்தாலும் பொறுத்துப்பேன். போயும் போயும் அந்தச் சனியன்கிட்டயா கை நீட்டின?"

அம்மாவுக்கு அந்தச் சனியனோடு பழைய பகை. மூன்று வருஷம் ஒரு கம்பெனியில் எழுத்து வேலை பார்த்தாள். யாரோ கேட்ட கேள்விகள் திரையில் வரும், இவள் பதில் எழுத வேண்டும், யாருக்கு என்று கேட்கக் கூடாது. பதிலுக்கென்று ஒரு வார்ப்பு வைத்திருந்தார்கள். கொஞ்சம் பிசகினாலும் திரும்பி வந்துவிடும். அது எந்த அளவுக்குக் கையில் ஊறிப்போயிற்று என்றால், மகளுக்காக இவள் எழுதிய விடுப்புக் கடிதத்தைப் படித்த வகுப்பாசிரியை ஒரு காய்ச்சலுக்கு இவ்வளவு காரணமா என்று சிரித்தாளாம். மகளின் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தாலும் பேனா அதே தடத்தில்தான் ஓடும்.

ஒரு திங்கட்கிழமை காலை அங்கே எழுதிக்கொண்டிருந்த நாற்பது பெண்களுக்கும் ஒரே வரியில் செய்தி வந்தது: இனி இந்த வேலையை மெஷினே செய்யும். அன்றிலிருந்து துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறாள். மகள் படிப்பை முடித்துவிட்டால் கொஞ்சம் உட்காரலாம் என்ற ஒரே நினைப்பில் கால்வலியைச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே அழைத்தார்கள். துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சிவப்பு மை. ஒரு காலத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தப்பவிட மாட்டாராம். இப்போது மேஜையில் பேனாவே இல்லை, சிவப்பு அடிப்பதையும் கணினியே பார்த்துக்கொண்டது. திரையைத் திருப்பிக் காட்டி, தன் கையில் எதுவும் இல்லை என்றும், மகள் ஒப்புக்கொண்டுவிட்டால் தண்டனை குறையலாம் என்றும் நிதானமாகச் சொன்னார்.

அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை.

"ஒரு பேப்பர் குடுங்க சார். நம்ம கண்ணு முன்னாடி எழுதட்டும். எழுத வரலன்னா நீங்க பேரை அடிக்க வேணாம், நானே அடிச்சுக் கையெழுத்தும் போட்டுத் தரேன்."

அவர் தயங்கினார். பிறகு இழுப்பறையிலிருந்து நான்கு தாள்களை எடுத்துப் போட்டு, சாலையோர மரங்களை வெட்டலாமா என்று தலைப்பும் கொடுத்தார்.

நாற்பது நிமிடம். மின்விசிறியும் பேனாவும் மட்டும் சத்தமிட்டன. மகள் ஒருமுறைகூட நிமிரவில்லை. அவள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதை அம்மா பார்த்தாள். மூன்று நாளாக மகள்மேல் கொதித்துக்கொண்டிருந்த கோபம், இனி யார் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

சிவப்பு மை மகள் எழுதியதை இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கணினியில் ஏற்றினார். பொத்தானை அழுத்தினார். திரை முழுக்கச் சிவந்தது. தொண்ணூற்றேழு.

மகள் சிரித்துவிட்டாள். "ஒரு சதவீதம் ஏறிட்டேன் சார். அப்போ நான் யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எழுதினதைப் பாத்தேம்மா. இல்லைங்கல. ஆனா விசாரணைக் கமிட்டிக்கு நான் பாத்தது போகாது. இந்த ரிப்போர்ட்தான் போகும்."

"முப்பது வருஷமா பேப்பர் திருத்தறீங்க" என்றாள் அம்மா. "உங்க கண்ணைவிட இது பெருசாயிடுச்சா? எதை வச்சு இப்படிச் சொல்லுது?"

பாடம் நடத்தும் பழக்கம் அவரை விடவில்லை. "மெஷினுக்குன்னு ஒரு நடை இருக்கும்மா. முதல்ல நம்ம கவலை புரிஞ்ச மாதிரி ஒரு வரி. அப்புறம் மூணு காரணம். எதிர்ப்பக்கத்துக்கும் கொஞ்சம் இடம். முடிக்கறப்போ தோள்ல கை வைக்கற மாதிரி ஒரு ஆறுதல். எந்த மனுஷனும் இப்படி எழுத மாட்டான்."

அம்மா மேஜையிலிருந்த தாள்களை எடுத்தாள். வரி வரியாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். கமிட்டி ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டு மகளின் பெயரை நீக்கியது. அவளும் இப்போது அதே துணிக்கடையில்தான் நிற்கிறாள், இரண்டாவது மாடியில். சிவப்பு மை ஓய்வு பெற்றுவிட்டார். அம்மாவை வேலையைவிட்டு அனுப்பிய கம்பெனி பதினோரு மாடிக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. அன்று தாள்களைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னது மட்டும் கமிட்டியின் குறிப்பில் எங்கும் இல்லை.

"மெஷினுக்கு இப்படி எழுதக் கத்துக்குடுத்ததே நான்தான் சார்."