மரத்துப்போன விடை

"வாயை நல்லா திறங்க. ஒரு புதிர் சொல்றேன், வலியே தெரியாது" என்றார் பல் டாக்டரம்மா.

நாற்காலியில் சாய்ந்திருந்த கணக்கு வாத்தியாரின் கண்கள் விரிந்தன. ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. உதடு ஒரு பக்கமாகத் தொங்கியது. நாக்கு, யாரோ இரவல் கொடுத்தது போல வாய்க்குள் கிடந்தது.

பக்கத்தில் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ், இந்தக் கிளினிக்கில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. ஆனால் இருபது வருட அனுபவம். பாட்டுப் போடுகிற டாக்டர், ஊர்வம்பு பேசுகிற டாக்டர் எல்லாரையும் பார்த்திருக்கிறார். விளக்குத் தண்டில் வாரப் பத்திரிகையின் புதிர்ப் பக்கத்தைக் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் டாக்டரை இப்போதுதான் பார்க்கிறார்.

டாக்டரம்மா வாசித்தார். "'விளிம்பு வரை தண்ணீர் உள்ள டம்ளரில் ஒரு ஐஸ் கட்டி மிதக்கிறது. அது முழுவதும் உருகினால் தண்ணீர் வழியுமா?' வழியும். ஐஸ் தண்ணியாகும், தண்ணி கூடினா வழியத்தானே செய்யும்?"

"ங்ஆ! ங்ஆ!" வாத்தியார் தலையைப் பலமாக ஆட்டினார்.

"ஆட்டாதீங்க. மெஷின் பட்டுடும்."

வாத்தியார் கைகளைத் தூக்கினார். இடது கை டம்ளர் ஆயிற்று. வலது கை அதற்குள் மிதந்து, மெல்ல உருகத் தொடங்கியது.

"அக்கா, அந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

நர்ஸ் பிடித்துக்கொண்டார். "பாவம் டாக்டர், வலிக்குது போல."

"வலியெல்லாம் இருக்காது." டாக்டரம்மா மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். "இருங்க இருங்க. மிதக்கறப்பவே தன் எடைக்குத் தண்ணிய ஒதுக்கிட்டுத்தானே ஐஸ் உட்கார்ந்திருக்கு? உருகினா அதே இடத்துல சரியா அடங்கிடும். வழியாது!"

போன உயிர் திரும்பியவர் போல வாத்தியார் மூச்சுவிட்டார். டாக்டரம்மா பேனாவை எடுத்து ஆசையாக ஒரு டிக் போட்டார்.

"அடுத்தது. 'காலில்லாமல் ஓடுவான். ஒரு கை விரல்களில் அடங்கான். கோபக்காரனிடம் சொன்னால் புத்திமதி. இரண்டே எழுத்து. அவன் யார்?'"

"ஆ..." என்றார் வாத்தியார் உடனே.

"ஆமா, அப்படித்தான். இன்னும் பெரிசா 'ஆ' காட்டுங்க."

"ஆ...! ஆ...!" முதல் எழுத்து வந்துவிட்டது. இரண்டாவது எழுத்துக்கு நாக்கு மடிய மறுத்தது.

"வாய்க்கால்?" என்றார் டாக்டரம்மா. "சே, காலில்லாதவன்னு சொல்லியிருக்கு. இதுல காலே இருக்கு. கார்! கார் ஓடும், ரெண்டு எழுத்து, கைக்குள்ள அடங்காது. ஆனா கோபமா இருக்கிறவன்கிட்ட போய் 'கார்'னு சொன்னா, அது புத்திமதியா?"

வாத்தியாரின் கால்கள் இரண்டும் நாற்காலியில் படபடவென்று அடித்துக்கொண்டன. கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் போனது.

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. குழாயைத் தட்டில் 'டங்'கென்று வைத்தார்.

"டாக்டர், இது அநியாயம்! ஒரு மனுஷன் துடியாத் துடிக்கிறார். நீங்க புதிர் போட்டு விளையாடறீங்க. இப்படித்தான் வைத்தியம்னா எனக்கு இந்த வேலையே வேணாம். இப்பவே கிளம்பறேன்!"

"அக்கா, அக்கா! கோபப்படாதீங்க. கொஞ்சம் ஆறுங்க..."

டாக்டரம்மா அப்படியே சிலையாக நின்றார்.

"ஆறுங்க... ஆறு! ஓடற ஆறு! அஞ்சு விரலுக்கு மேல ஒண்ணு, ஆறு! கோபக்காரன்கிட்ட சொன்னா, ஆறு! அக்கா, நீங்க நல்லா இருக்கணும்!"

கையுறையோடு நர்ஸின் தோளைப் பிடித்து உலுக்கினார். வாத்தியார், பரீட்சை முடிந்து மணி அடித்ததும் துவண்டுபோகும் பையனைப் போல, நாற்காலியில் தளர்ந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு பல்லை அடைக்க நாலே நிமிடம்தான் ஆனது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்த நர்ஸ், டாக்டரம்மாவை ஓரமாக அழைத்தார். கோபம் அடங்கியிருந்தது. சந்தேகம் அடங்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க டாக்டர். ஓட்டை மிளகளவுதான். இதைவிடப் பெரிசையெல்லாம் ஊசியே இல்லாம அடைச்சுப் பாத்திருக்கேன். எதுக்கு இந்தப் பல்லுக்கு இவ்வளவு மருந்து?"

"பல்லுக்கு இல்லக்கா, நாக்குக்கு" என்று முகக்கவசத்தைக் கழற்றினார் டாக்டரம்மா. "கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். வீட்டுல நான் புதிரை வாசிச்சு முடிக்கறதுக்குள்ள இந்த மனுஷன் விடையச் சொல்லிடறார்... ஏங்க, எங்க எழுந்திரிக்கறீங்க? மரமரப்பு தெளிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, மூணாவது புதிரைக் கேளுங்க!"