குனியாமல் ஆட ஒரு மெஷின்

"குனிஞ்சு எடுய்யா!"

தன் ஷூவுக்குப் பக்கத்தில் விழுந்த ஸ்க்ரூவைக் காட்டினார் ஜி.எம். தட்சிணாமூர்த்தி. கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் தனக்கோடி குனிந்து எடுத்தான்.

கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் புல்வெளியில் இருந்த அந்த மெஷினுக்கு ஒரே வேலைதான். அடிக்க வாகாக கோல்ஃப் பந்தை ஒவ்வொன்றாக மேலே தூக்கி வைக்க வேண்டும். நேற்றிலிருந்து அது தூக்கவில்லை.

"கையாலயே வெச்சுக்கலாமே சார்?"

"நான் எவனுக்கும் குனியறவன் இல்ல. பந்துக்கா குனிவேன்? மீன் நாத்தத்தோட வந்து எனக்கு யோசனை சொல்றியா?"

தனக்கோடி மூடியைக் கழற்றினான். பந்தைத் தூக்கும் தண்டில் மண்ணும் புல்லும் அடைத்திருந்தன. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று மனசுக்குள் காறித் துப்பினான்.

கொஞ்ச நேரத்தில் திடீரென்று சென்னையிலிருந்து சேர்மன் கார் வந்து நின்றது. இறங்கியவர் நேராக மட்டையைக் கையில் எடுத்தார்.

"மெஷின் ரிப்பேரா?"

"நான் இருக்கேனே சார்!" என்று தட்சிணாமூர்த்தி புல்லில் மண்டியிட்டார். சேர்மன் அடிக்க அடிக்க, குனிந்து குனிந்து அறுபது பந்து வைத்தார்.

"பலே! மெஷினவிட வேகமா வைக்கிறீங்களே!"

ஜி.எம். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

கார் போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சீறினார். "இன்னுமாய்யா முடியல?"

தனக்கோடி சுவிட்சைத் தட்டினான். பந்து ஜம்மென்று மேலே வந்து உட்கார்ந்தது.

"கார் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சி சார். நீங்க ஆசையா குனிஞ்சிக்கினு இருந்தீங்க, அத எதுக்குக் கெடுக்கணும்னுதான் சும்மா நின்னேன்."