கலப்பைமேல் அஞ்சுகம்

மழை ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். பழைய டிராக்டரின் ஹைட்ராலிக்கோ கலப்பையைத் தூக்கவே மாட்டேன் என்றது. மாசிலாமணி எண்ணெயை மாற்றினான், ஃபில்டரைக் கழுவி மாட்டினான், எஞ்சினை ஓடவிட்டு லீவரை மேலே தள்ளினான். ஒன்றும் அசையவில்லை. அலுத்துப்போய், லீவரை இறக்கவும் எஞ்சினை அணைக்கவும் மறந்து, கை கழுவப் போனான். அவன் மனைவி அஞ்சுகம் கலப்பைமேல் உட்கார்ந்து சோற்றுத்தூக்கைத் திறந்தாள். மெல்ல அவள் பாதங்கள் மண்ணைவிட்டு எழும்பின.

"ஏங்க, தூக்குதுங்க!"

ஓடிவந்தவன் சிரிப்பை அடக்கமாட்டாமல் லீவரைப் பிடித்தான். "இரு புள்ள, இறக்கிவிடுறேன்."

"ஐயோ, தொட்டுறாதீங்க! இறக்கினா மறுபடி தூக்குமோ என்னமோ."

அவன் கையை எடுத்துவிட்டுக் கீழே வந்து நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அண்ணாந்தே பார்த்த நெட்டை மனிதனை முதன்முறையாகக் குனிந்து பார்த்தாள் அஞ்சுகம். காலை ஆட்டிக்கொண்டே ஒரு கவளம் உருட்டினாள்.

"வாயைத் திறங்க."