எத்தனையாவது மாசம்?

கூட்டம் நெரித்த பேருந்தில் தோழிமேல் இடி படாமல் மறைத்து நின்ற தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிரேக் போடும்போதெல்லாம் ஓட்டுநரைத் திட்டினாள். தோழியின் வயிற்றுக்காகப் போன வாரம்தான் பிரித்துத் தைத்துக் கொடுத்த சுடிதார், அதற்குள் மறுபடி பிடித்தது.

"உட்காரும்மா" என்று எழுந்து இடம் கொடுத்த பெண், வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். "எத்தனையாவது மாசம்?"

"ஏழுக்கா" என்றாள் தோழி.

மருத்துவமனை வாசலில் இறங்கியதும் தையல்காரி வெடித்தாள். "ஏன்டி பொய் சொன்னே?"

"பின்னே? சினைப்பையில கேன்சர், முத்திப்போச்சு, வயித்துல சேர்ற தண்ணியை எடுக்கப் போறேன்னா சொல்றது? என்னைப் பார்த்து ஒருத்தர் சந்தோஷப்பட்டு எத்தனை நாளாச்சு!"



அடுத்த வாரம் பேருந்துப் படியில் கால் வைத்ததுமே தையல்காரி குரல் கொடுத்தாள்.

"மாசமா இருக்கிற பொண்ணு, எடம் விடுங்க! ரெட்டைப் பிள்ளை!"