மீட்டருக்குள் ஒட்டியிருந்தது

"மீட்டர் முள்ளைச் சரிபண்ணக் குடுத்தேன். நீங்க சஸ்பென்ஷன் லைட்டை எரிய வெச்சுக் குடுத்திருக்கீங்க!" என்றார் காரின் சொந்தக்காரர்.

"உள்ள எதையோ உடைச்சுட்டான் மாப்பிள்ள. இவன் செலவுலதான் மாத்தணும், விடாதீங்க" என்று எடுத்துக்கொடுத்தார், கூடவே வந்திருந்த மச்சான்.

மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. வண்டியைப் பற்றி யார் எப்படிக் கேட்டாலும் அவருக்கு விளக்கத்தான் வரும்.

"சார், இந்த வண்டியைத் தாங்குறது கம்பிச் சுருள் இல்ல, காத்துப் பை. பை கசிஞ்சா வண்டி ஒரு பக்கம் தாழும். சக்கரத்துக்கிட்ட இருக்குற சென்சார் உடனே கம்ப்யூட்டர்கிட்ட கோள் சொல்லும். அது லைட்டைப் போடும். உங்களுக்குப் பின்பக்க இடது பை கசியுது."

"நேத்து வரைக்கும் எரியலையே?"

"எரிஞ்சிருக்கு சார். கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. பத்து மாசமா."

"பச்சைப் பொய்!" என்றார் மச்சான்.

மெக்கானிக் குப்பைத் தொட்டிக்குள் கையைவிட்டுத் தேடி, விரல்நகம் அளவு கறுப்பு டேப் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"முள்ளைச் சரிபண்ண மீட்டரைக் கழட்டினேன்ல? உள்ள அந்த லைட்டை மறைச்சு இது ஒட்டியிருந்துச்சு. குப்பைன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

சொந்தக்காரர் டேப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"போன மாசம் இந்த வண்டியை என் தலையில கட்டினப்ப, ஒரு லைட்டுகூட எரியாதுன்னு சத்தியம் பண்ணீங்களே மச்சான்?"

"நான் சொன்னதுல என்ன தப்பு மாப்பிள்ள? இவன் கை வைக்கிற வரைக்கும் எரிஞ்சுதா?"