தூக்கும்போது அடிக்கிற அடி

திண்டிவனம் ஸ்டூடியோவில் ஜெசிந்தாவின் ப்ளூஸ் ஆல்பத்துக்குக் கடைசிப் பாட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. கூட வாசிக்கச் சென்னையிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். ஐந்தாவது விருந்தாளி அவள் அப்பா தேவசகாயம், சாவு வீடுகளில் பறை அடிப்பவர்.

"பொணம் தூக்குறப்ப அடிப்பியே, அத்த அடிப்பா."

"பொணம் இல்லாத எடத்துல அத்த அடிக்கக் கூடாதும்மா."

"மைக்குக்கு என்னாப்பா தெரியும்? ஜல்தி அடி."

மகள் முகம் வாடக்கூடாதென்று அடித்தார். மூன்றாம் சுற்றில் அந்த நால்வரும் வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். முன்னே இருவர், பின்னே இருவராக நின்று ஜெசிந்தாவை நாற்காலியோடு தோளுக்குத் தூக்கினார்கள்.

"எறக்குங்கய்யா, அது எம்பொண்ணு!"

அவர் கத்தினார்; கை நிற்கவில்லை. ஜெசிந்தா கண்ணை மூடியபடி பாடினாள். பிறகு பாடவில்லை. நால்வரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். தேவசகாயத்தின் கால்கள், எப்போதும்போல, அவர்களுக்கு முன்னே நடந்தன.